எட்டு முதலிடமும் ஓர் இரண்டாமிடமும்

தாமிரபரணி வட்டாரக் கல்லூரிகள் டென்னிஸ் கூட்டமைப்பு ஆண்டுதோறும் ஒரு முன்னோட்ட மலர் வெளியிடும். வரப்போகும் பருவத்தில் எந்தக் கல்லூரியின் ஆண்கள் அணி முதலிடம், எது இரண்டாமிடம், யாருக்கு என்ன பலம் என்பதெல்லாம் வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு அச்சாகும். வெளியீட்டு விழா நடக்கும். பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் கடுமையாக இருப்பதாலோ, மழை வரும்போல் இருப்பதாலோ, இரண்டும் இல்லாவிட்டால் எல்லோருக்கும் கண்ணைச் சுழற்றுவதாலோ, அந்த ஆண்டுக்கான பருவம் இனிதே நிறைவுற்றது என்று அறிவித்துவிடுவார்கள். இப்படிப் பதினோரு ஆண்டுகள். இந்தப் பதினோரு ஆண்டில் ஒரு பந்துகூட வலையைத் தாண்டியதில்லை.

இந்த விவரம் தெரியாமல் கல்லூரி டென்னிஸ் அணியில் சேர்ந்தான் உவரி ஜோஷுவா. பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. டென்னிஸ் அணி என்றால் டென்னிஸ் ஆடும் என்று அவன் நினைத்துவிட்டான். முதல் வருடம் வெள்ளைக் கால்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனான், சாப்பிட்டுவிட்டு வந்தான். இரண்டாம் வருடமும் போனான். அவியல் நன்றாக இருந்தது. இது மூன்றாம் வருடம், கடைசி வருடம்.

இந்த வருடம் அவனுக்கு அவியல் போதாது. ஒரு துறைமுக அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை எடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஒரு படிவம் மட்டும்தான் பாக்கி. கல்லூரிகள் கூட்டமைப்பு நடத்தும் டென்னிஸ் போட்டி ஒன்றிலாவது ஆடியிருக்க வேண்டும். ஜெயித்தானா தோற்றானா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எதிராளியின் பெயர், ஆட்ட முடிவு, நடுவர் கையொப்பம், கூட்டமைப்பின் முத்திரை. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அப்பா இன்னாசியோடு படகில் ஏற வேண்டியதுதான். மகன் கடலுக்கு வரக் கூடாது என்பதில் இன்னாசி ஒரே பிடியாக இருந்தார். ஏன் என்று அவர் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும்.

மலர் தயாரிப்புக் கூட்டம் பாளையங்கோட்டையில் நடந்தது. ஜோஷுவாவின் கல்லூரி கடற்கரைப் பக்கத்துச் சின்னக் கல்லூரி. அங்கே உடற்கல்வி இயக்குநர் பதவி ஆறு வருடமாகக் காலி. அதனால் முதல்வர், "நீயே போயிட்டு வாப்பா" என்று பிரதிநிதிக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். துணைக்கு ஷேக் மைதீன் வந்தான். அந்தக் கல்லூரியின் டென்னிஸ் அணி என்பதே இவர்கள் இரண்டு பேர்தான். தினமும் சாயங்காலம் மீன் ஏலம் முடிந்த சிமெண்டுத் தளத்தைக் கழுவிவிட்டு, கயிறு கட்டி, இருட்டும்வரை ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்தி ஆடுவார்கள்.

நீள மேசையைச் சுற்றி எட்டுப் பெரிய கல்லூரிகளின் செயலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் அமைப்பாளர் முனைவர் குற்றாலலிங்கம். பழந்தமிழ் இலக்கியத்தில் பந்தாட்டம் என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அவர் ஆராய்ச்சியில் பந்தாடியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆனாலும் ஆண்கள் டென்னிஸுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்த வட்டாரத்தில் அகப்படவில்லை. அவர் பக்கத்தில் அலுவலகக் கண்காணிப்பாளர் பிரம்மநாயகி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தவர் தச்சநல்லூர்ப் பக்கத்துக் கல்லூரியின் செயலாளர் குமரகுருபரன்.

"போன வருசம் எங்களை மூணாவதாப் போட்டீரு. எங்க தாளாளர் ஒரு வாரம் ஆபீசுப் பக்கமே வரல. சம்பந்தி வீட்டுல கேட்டுப்புட்டாகளாம்வே, என்ன உங்க காலேஜு மூணாவதாமேன்னு! அந்த மனுசன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய வருவாரு?"

கொற்கைப் பக்கத்துக் கல்லூரியின் செயலாளர் விட்டுக்கொடுக்கவில்லை. "அவருக்கு ஒரு வாரம்தான். எங்க ஊருக்கு வந்த யவனனெல்லாம் கப்பல்ல பந்து கொண்டாந்திருக்கான். டென்னிசு எங்ககிட்ட ரெண்டாயிரம் வருசமா இருக்கு. நடுவுல ஒரு ஆயிரத்தித் தொள்ளாயிரத்துச் சொச்சம் வருசம் ஆடல, அவ்வளவுதான். அதுக்காக எங்களை அஞ்சாவதாப் போடலாமாவே?"

ஜோஷுவா கடைசி நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினான். "சார், எல்லா டீமும் ஒருக்கா ஆடிப் பாத்துட்டா யாரு முதல்லன்னு தெரிஞ்சிருமே?"

எழவு வீட்டில் எவனோ சிரித்துவிட்டதுபோல எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். குற்றாலலிங்கம்தான் பெருந்தன்மையோடு பதில் சொன்னார்.

"தம்பி, நீங்க சின்னப் புள்ள. ஒரு விசயம் புரிஞ்சுக்கிடணும். போட்டின்னு ஒண்ணு எதுக்கு வைக்கோம்? யாரு பெரியவங்கன்னு தெரியதுக்கு. அதைத்தான் நாம முன்னோட்டத்துலயே சொல்லிப்புடுதோமே! அதுக்கப்புறமும் ஆடினா என்ன அர்த்தம்? எங்க வாக்கு மேல நம்பிக்கை இல்லேன்னுல்லா அர்த்தம்?"

"ரொம்பச் சரி" என்றார் குமரகுருபரன்.

ஆனால் முதலிடம் யாருக்கு என்பது தீரவில்லை. இரண்டு மணி நேரம் பேசினார்கள். கல்லூரி தொடங்கிய ஆண்டைப் பார்த்தார்கள். கட்டடத்தின் உயரத்தைப் பார்த்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு வந்த அமைச்சர்களை எண்ணினார்கள். கடைசியில் குற்றாலலிங்கம் மேசையைத் தட்டினார்.

"எங்க சாஸ்தா கோயில்ல கொடைத் திருவிழா நடந்தா எட்டு வகையறாவுக்கும் முதல் மரியாதை. எப்படி? எட்டு பேரு கையிலயும் எட்டுத் தேங்காயக் குடுத்து, ஒரே நேரத்துல ஒடைக்கச் சொல்லுவோம். எவன் தேங்கா முதல்ல ஒடஞ்சுதுன்னு எவனுக்கும் தெரியாது. சண்டையும் கெடையாது. அதே மாதிரி இங்கனயும் எட்டு காலேஜும் முதலிடம்!"

அடேயப்பா, என்ன கைத்தட்டல்! எழுந்து நின்று தட்டினார்கள். கொற்கைக்காரர் குமரகுருபரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிரம்மநாயகி மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டாமிடம்னு ஒண்ணு இல்லேன்னா முதலிடத்துக்கு என்ன சார் மரியாதை?"

நியாயமான கேள்வி. பதினாறு கண்கள் மேசையைச் சுற்றி வந்தன. எட்டு பேருமே முதலிடம் ஆகிவிட்டார்கள். இறங்கி வர எவருக்கும் மனமில்லை. கண்கள் கடைசி நாற்காலியில் வந்து நின்றன.

"தம்பி, நீங்க ரெண்டாமிடம் எடுத்துக்கிடுதியளா?" என்று குழைந்தார் குற்றாலலிங்கம்.

"ஒன்பதாவதாப் போட்டாலும் சரிதான் சார். எனக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடணும். அந்தப் படிவத்துல முத்திரை வேணும்."

"அதுக்கென்ன, பேஷா ஆடலாம்! நம்ம விதிப்படி முதலிடமும் ரெண்டாமிடமும் நேரா ஃபைனல். நீங்க இப்பவே ஃபைனலுக்கு வந்தாச்சுவே!"

திரும்புகிற பேருந்தில் ஜோஷுவா சிரித்துக்கொண்டே வந்தான். ஷேக் மைதீன்தான் கணக்குப் போட்டான். "ஏலே, முதலிடத்துல எட்டு பேரு. ரெண்டாமிடத்துல நாம. அப்ப ஃபைனல்ல ஒன்பது டீமா? வலைக்கு அந்தப் பக்கம் எட்டு பேரும் வரிசையா நிப்பானுவளோ?"

"நின்னா நிக்கட்டும்லே" என்றான் ஜோஷுவா. "எவனாச்சும் ஒருத்தன் பந்தைத் திருப்பி அடிச்சாப் போதும்."

அடுத்த வாரம் மலருக்குப் புகைப்படம் எடுத்தார்கள். எட்டு அணித் தலைவர்களும் வந்திருந்தார்கள். மட்டைதான் வரவில்லை. எட்டுக் கல்லூரிகளிலும் சேர்த்து நரம்பு அறுந்த மட்டை மூன்று இருந்தது. அதில் ஒன்றால் விடுதியில் கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஜோஷுவாவின் மட்டையை வாங்கி ஆளுக்கொரு தடவை கொடுத்து நிற்க வைத்தார்கள். ஒருவன் அதைக் கோடாலிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டான். இன்னொருவன் கைப்பிடி எந்தப் பக்கம் என்று ஷேக் மைதீனிடம் ரகசியமாகக் கேட்டான். குமரகுருபரன் கல்லூரியின் அணித் தலைவன் கபடிக்காரன், தங்கமான பையன். "எனக்கே நேத்துதான் தெரியும் அண்ணாச்சி, நான் டென்னிசு கேப்டன்னு" என்று வெட்கப்பட்டான். எல்லாம் முடிந்து மட்டை திரும்பி வந்தபோது அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

மலர் அச்சாகி வந்தது. ஒவ்வோர் அணிக்கும் பலம், பலவீனம் என்று இரண்டு பத்தி. முதலிடம் பெற்ற ஓர் அணியின் பலம், "ஆடுகளம் இல்லாத நிலையிலும் ஆடுகளத்தை மறவாத உள்ளம்." இன்னோர் அணிக்கு, "இதுவரை எவரிடமும் தோற்றதில்லை." பலவீனம் என்ற இடத்தில் எட்டு அணிகளுக்கும் ஒன்றே போட்டிருந்தார்கள்: "மிதமிஞ்சிய பணிவு." ஜோஷுவாவின் அணி கடைசிப் பக்கத்தில் இருந்தது. "பலம்: சொல்லும்படி இல்லை. பலவீனம்: ஆட வேண்டும் என்ற பதற்றம்."

வெளியீட்டு விழா குமரகுருபரன் கல்லூரியில், டென்னிஸ் களத்தின் மேலேயே பந்தல் போட்டு நடந்தது. களத்தில் பாதி மேடை, பாதி சாப்பாட்டு மேசை. மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஜோஷுவா படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையோடு, காலையிலிருந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்திரண்டு பொன்னாடை போர்த்தினார்கள். பந்தல் போட்டவருக்கும் ஒன்று கிடைத்தது.

குற்றாலலிங்கம் முழங்கினார். "பிற வட்டாரங்களில் டென்னிஸ் ஆடுகிறார்கள். ஆடுகிறவர்கள் தோற்கிறார்கள். தோற்றவர்கள் மனம் உடைகிறார்கள். நம் கூட்டமைப்பில் பதினோரு ஆண்டுகளாக ஒரு மாணவன்கூடத் தோற்கவில்லை! இந்தச் சாதனையை எவராலும் முறியடிக்க முடியாது என்று சவால் விடுகிறேன்!"

கைத்தட்டல் அடங்குவதற்குள் ஜோஷுவா மேடையேறிவிட்டான். "ஃபைனல் எப்ப சார்?"

மேடையில் ஒரு குசுகுசுப்பு. யாராவது ஒரு கல்லூரி இவனோடு ஆடியாக வேண்டும். ஆடித் தோற்றால் மலரில் அச்சிட்டது பொய்யாகிவிடும். ஆடி ஜெயித்தால் அந்தக் கல்லூரி மட்டும் நிஜமான முதலிடம் ஆகிவிடும். மற்ற ஏழு பேரும் சும்மா விடுவார்களா? ஆக, தோற்கவும் கூடாது, ஜெயிக்கவும் கூடாது. அப்படி ஆடத் தெரிந்தவர்கள் எட்டு அணியிலும் இல்லை.

"பொழுதும் ஆயிட்டு" என்று ஆகாயத்தைப் பார்த்தார் குற்றாலலிங்கம். மணி பகல் பதினொன்று.

குமரகுருபரனுக்கு இரக்கம் சுரந்தது. "தம்பிக்கு என்ன, அந்தப் படிவம்தானே வேணும்? எங்ககிட்ட ஆறுக்கு சைபர்னு தோத்ததா எழுதிக் குடுத்துருவோம்வே. பையன் வேலைக்குப் போவட்டும்."

"அதென்ன உங்ககிட்ட மட்டும்?" என்று எழுந்தார் கொற்கைக்காரர். "எங்ககிட்டயும் தோக்கட்டும்!"

ஐந்தே நிமிடத்தில் எட்டுக் கல்லூரிகளும் ஜோஷுவாவை ஆறுக்கு சைபர் என்று தோற்கடித்துவிட்டன. ஒரே நாளில் எட்டு இறுதிப் போட்டி. பிரம்மநாயகியிடம் எழுதச் சொன்னார்கள். அவர் பேனாவைத் திறக்காமல் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோஷுவா ஒரு கணம் ஆடிப்போய்விட்டான். சும்மா இருந்தால் போதும், வேலை கிடைத்துவிடும். அப்பாவுக்கும் நிம்மதி. ஆனால் மூன்று வருடமாக ஏலத் தளத்தில் மீன் செதிலைக் கழுவிக் கழுவி ஆடியது அவன் நெஞ்சுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஆடாம எப்படி சார் தோக்க முடியும்?" என்றான் அவன். "கைப்பிடி எதுன்னு தெரியாதவன்ட்ட நான் ஆறுக்கு சைபரா? தோக்கணும்னா ஆடித் தோக்கேன். ஆடாம என்னைத் தோக்கடிக்காதிய!"

"யாருகூடவே ஆடுவீரு?" என்று எரிந்து விழுந்தார் குற்றாலலிங்கம். "இங்கன யாரும் உம்மகூட ஆட மாட்டாங்க!"

ஜோஷுவா கீழே பார்த்தான். ஷேக் மைதீன் இரண்டு மட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வடையைத் தின்றுகொண்டிருந்தான்.

"சார், முதலிடத்தை எட்டாப் பிரிச்சிய. எட்டு தேங்கா ஒடைச்சிய. எங்க ரெண்டாமிடத்தை ரெண்டாப் பிரிச்சுக் குடுங்க. ரெண்டு 'அ' நான். ரெண்டு 'ஆ' ஷேக் மைதீன். நாங்க ஆடிக்கிடுதோம்."

முடியாது என்று குற்றாலலிங்கம் சொன்னால் எட்டு முதலிடமும் செல்லாது என்று ஆகிவிடும். எட்டுச் செயலாளர்களும் அதைப் புரிந்துகொண்டு பதறினார்கள். "குடுத்துரும்வே, குடுத்துரும்!" என்றார் குமரகுருபரன்.

"விதியில தடை ஒண்ணும் இல்ல சார்" என்றார் பிரம்மநாயகி. "விதிப் புத்தகத்தை நான்தான் டைப் அடிச்சேன். வேற யாரும் படிச்ச மாதிரி தெரியல. நடுவரா நானே உக்காருதேன்."

மேசைகளை ஒதுக்கினார்கள். பந்தலைப் பாதி பிரித்தார்கள். வலை எங்கே என்று தேடினால், வௌவாலுக்குப் பயந்து கொய்யா மரத்தின் மேல் போர்த்தியிருந்தது. அதை இறக்கிக் கட்டினார்கள். பிரம்மநாயகி சாப்பாட்டு மேசையின் மேல் நாற்காலி போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"விட்டுக்குடுத்தேன்னு வையி, மவனே, கொன்னுருவேன்" என்றான் ஜோஷுவா.

"உனக்கு எவம்லே விட்டுக்குடுப்பான்?" என்றான் ஷேக் மைதீன், கையைத் துடைத்துக்கொண்டு.

முதல் பந்து வலையைத் தாண்டியது. பதினோரு வருடத்தில் முதல் பந்து. ஷேக் மைதீன் திருப்பி அடித்தான். ஜோஷுவா ஓடிப் போய் எடுத்தான். பதினைந்து, முப்பது என்று பிரம்மநாயகி அறிவித்துக்கொண்டு வந்தார். நாற்பது என்றதும் குமரகுருபரன் துள்ளி எழுந்தார்.

"நிப்பாட்டுங்க! பதினஞ்சு, முப்பது, அடுத்து நாப்பத்தஞ்சுல்லா வரணும்? பையன்ட்ட அஞ்சைக் கொறச்சது யாரு?"

விசாரணைக் குழு அமைக்கும்வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்றார் குற்றாலலிங்கம். பிரம்மநாயகி மேலேயிருந்து, "சார், உக்காருங்க, மறைக்குது" என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பக்கம் மாறும்போதெல்லாம் எழுந்து பொன்னாடையோடு உள்ளே ஓடி வந்தார். ஷேக் மைதீன் ஒன்றை வாங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

முதல் செட் ஜோஷுவாவுக்கு. இரண்டாவது ஷேக் மைதீனுக்கு. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். எட்டு அணித் தலைவர்களும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "இதுதானா டென்னிசு? சூப்பராத்தான் இருக்கு!" என்றான் கபடிக்காரன். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து. படிவம், வேலை, துறைமுகம் எல்லாம் ஜோஷுவாவுக்கு மறந்தே போயிற்று. ஜெயிக்க வேண்டும், இவனை ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது. முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

கடைசிப் பந்தை ஷேக் மைதீன் கோட்டோரமாகத் தள்ளினான். ஜோஷுவா விழுந்து பாய்ந்தான். எட்டவில்லை.

"ஏழு, அஞ்சு" என்றார் பிரம்மநாயகி. "ஆட்டம் ஷேக் மைதீனுக்கு."

பந்தல் அதிர்ந்தது. ஜோஷுவா தரையிலேயே கிடந்தான். தோற்றது அவனுக்கு வலித்தது, உண்மையாகவே வலித்தது. அப்படி வலிப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

எழுந்து வந்து படிவத்தை நீட்டினான். பிரம்மநாயகி நடுவர் இடத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரைக்குக் கை நீட்டியதும் குற்றாலலிங்கம் குறுக்கே வந்தார்.

"அம்மா, பைய, அவசரப்படாதிய! இந்தப் பையன் ஆடினான்னு நாம முத்திரை குத்தினா, மத்தவங்க யாரும் ஆடலேன்னு ஆயிரும்லா?"

"ஆமா சார், ஆயிரும்" என்றார் பிரம்மநாயகி. முத்திரை மை காய்ந்திருந்தது. குடிக்கிற தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, மேசை குலுங்க ஒரு குத்துக் குத்தினார்.

ஜோஷுவா கொய்யா மரத்தடிக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் காற்றும் அலையும் ஏலச் சத்தமும் கேட்டன.

"அப்பா, தோத்துட்டேன்பா."

"என்னது? சத்தமாச் சொல்லு மக்கா."

"தோத்துட்டேன்! மூணாவது செட்டுல, ஏழு அஞ்சு. ஷேக் மைதீன்ட்ட."

இன்னாசி மெதுவாகக் கேட்டார். "அப்ப... ஆடினியாலே?"

"ஆடினேன்பா. முத்திரையும் குத்திட்டாங்க."

இன்னாசி போனைக் காதிலிருந்து எடுப்பது கேட்டது. அடுத்து அவர் கரை முழுவதற்கும் போட்ட கூச்சலில் தச்சநல்லூரில் ஜோஷுவாவின் காதே அடைத்துவிட்டது.

"ஏலே, எல்லாரும் கேளுங்கலே! எம் மவன் தோத்துட்டாம்லே!"